ஆடுகளுக்கு வீட்டிலேயே தீன் தட்டி செய்தல்

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஐந்து மறிகளும் (பெண் ஆடுகள்) ஒரு கிடாயும் வளர்க்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "மழைக்காலத்தில் இலைக்குழைக்கும் புல்லுக்கும் குறைவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் காய்ந்த புல்லும் கடலைக்கொடியும் வாங்கிப் போடுகிறோம். போடுவதில் பெரும்பங்கு காலடியில் மிதிபட்டு வீணாகிறது. நீல நிறப் பிளாஸ்ரிக் பரலை (பீப்பாயை) நெடுக்காக அறுத்து வைத்தால் போதுமா, அல்லது பலகையால் ஏதாவது செய்ய வேண்டுமா? கொம்புள்ள ஆடுகளும் நிற்கின்றன. மாசியில் குட்டிகளும் வந்துவிடும்."

பரல் போதாது. தீனை நிலத்துக்கு மேலே பிடித்து வைக்கும் பலகைத் தட்டி வேண்டும். அறுத்த பரலை நிலத்தில் வைத்தால் மாட்டுக்கு ஓரளவு உதவும். ஆட்டுக்கு அது ஏறி நிற்பதற்கு ஒரு திண்ணை ஆகிவிடும். முதலில் முன்னங்கால்கள் உள்ளே போகும், பிறகு முழு ஆடும் போகும், சற்று நேரத்தில் புழுக்கையும் மூத்திரமும் தீனோடு கலக்கும். பசியில்லாத ஆடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு விலகும். பசித்த ஆடு தின்றுவிடும், உண்மையான கேடு அங்கேதான் தொடங்குகிறது. ஆட்டின் இரத்தத்தை உறிஞ்சும் வயிற்றுப் புழுவின் முட்டைகளும், குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரும் புழுக்கையின் வழியாகவே வெளியேறி, ஈரமும் சூடும் உள்ள இடத்தில் சில நாட்களில் முதிர்ந்து, அழுக்கான தீனின் வழியாகத் திரும்பவும் வயிற்றுக்குள் போகின்றன. ஆகவே, தீனை நிலத்திலிருந்து உயர்த்துவதால் மிச்சமாவது தீன் வாங்கும் காசு மட்டுமன்று. பூச்சி மருந்துக்குப் போகும் காசிலும் ஒரு பங்கு மிஞ்சும்.

வேலியில் முன்னங்கால்களை ஊன்றி, கழுத்தை நீட்டி, பூவரசங்குழையை எட்டிக் கடிக்கும் மறியைப் பாராதவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆட்டின் மேலுதடு தனியாக அசைந்து இலையை மட்டும் தேர்ந்து பறிக்கக் கூடியது. தலைமட்டத்திலும் அதற்கு மேலும் உள்ளதைப் பறித்துத் தின்பதே அதற்கு இயல்பு. நம் முன்னோர் கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் குழைகளைக் கொக்கத்தடியால் இழுத்து வெட்டி, கட்டாகக் கட்டி, கொட்டிலின் வளையில் (கூரையைத் தாங்கும் கட்டையில்) தலைகீழாகத் தொங்கவிட்டது இந்த இயல்பை அறிந்தேயாகும். குழைக்கு இன்றும் அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. கிளையை ஆடு இழுக்க இழுக்க இலை மட்டும் கழன்று வரும், தடி கயிற்றிலேயே நிற்கும். காய்ந்த புல்லையும் கடலைக்கொடியையும் அப்படிக் கட்ட முடியாது என்பதால்தான் தட்டி தேவைப்படுகிறது.

தட்டி ஒன்றைப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஆடு ஒரு வாய் இழுக்கும்போது உதிர்வது எங்கே விழுகிறது? தட்டி எவ்வளவு கொள்ளும், எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். காய்ந்த கடலைக்கொடியைக் கையில் எடுத்து ஒரு தரம் உதறிப் பாருங்கள். கையில் தண்டு நிற்கும், இலை முழுவதும் நிலத்தில் கிடக்கும். புரதத்தில் பெரும்பங்கு அந்த இலையில்தான் இருக்கிறது. கீழே தட்டு இல்லாமல் சுவரில் மாட்டிய கம்பிக் கூடை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இலையை அது நிலத்துக்குக் கொடுத்துவிட்டுத் தண்டை மட்டும் ஆட்டுக்குக் கொடுக்கிறது.

இனி அமைப்பைப் பார்ப்போம். பலரும் செய்வது சுவரோடு சேர்த்து ஏணி போன்ற ஒரு சட்டத்தைச் சாய்த்து, அதன் மேற்பக்கம் ஆட்டை நோக்கி வெளியே நிற்கும்படி வைப்பதாகும். செய்வதற்கு அது எளிது. ஆனால் ஆடு அதன் கீழே தலையை வைத்து அண்ணாந்து இழுக்க வேண்டியிருப்பதால் தூசும் முள்ளும் கண்ணிலும் காதிலும் கொட்டும். கண் சிவந்து நீர் வடியும் ஆடுகளை அப்படிப்பட்ட கொட்டில்களில் கண்டிருக்கிறேன். அதனால் நான் பரிந்துரைப்பது இதற்கு எதிரான அமைப்பை: ஆடு பார்க்கும் முகப்பு நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும், முதுகுப் பலகை சாய வேண்டும். மேலே போட்ட புல் சாய்வில் தானாக வழுக்கி முகப்புக்கு வரும். ஆடு முன்புறமாக இழுக்கும், உதிர்வது வாய்க்கு நேர் கீழே விழும்.

ஆறு ஆடுகளுக்கு ஒரு நீளமான தட்டி செய்வதைவிட நான்கு அடித் தட்டிகள் இரண்டைச் செய்து கொட்டிலின் இரு பக்கங்களில் வைப்பது நல்லது. வளர்ந்த ஆடு ஒன்றுக்கு ஓர் அடி முதல் ஒன்றேகால் அடி வரை முகப்பு வேண்டும், கொம்புள்ளதற்கு ஒன்றரை அடி. அந்தக் கணக்குக்கு ஒரே நீளத் தட்டியும் போதும்தான். ஆயினும் எந்த மந்தையிலும் ஒரு முரட்டு மறி இருக்கும், அது தட்டியின் நடுவில் நின்றுகொண்டு இரு பக்கமும் முட்டும். இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் காவல் காக்க அதனால் முடியாது.

ஒரு தட்டிக்குத் தேவையானவை: ஒன்றரை அங்குல அகலமும் இரண்டரை அடி நீளமும் உள்ள சலாகைகள் (மெல்லிய மரச்சட்டங்கள்) பதினான்கு, நான்கு அடி நீளமான இரண்டங்குலக் கட்டைகள் இரண்டு, முதுகுக்கு நான்கு அடிக்கு இரண்டே முக்கால் அடி அளவில் பலகை அல்லது தகரம், இரு பக்கங்களையும் அடைக்கப் பலகைத் துண்டுகள், கீழ்த்தட்டுக்குப் பலகை. இரண்டு கட்டைகளையும் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு இரண்டரை அடி வரும்படி கிடையாக வைத்து, சலாகைகளை இரண்டு அங்குல இடைவெளி விட்டு நிமிர்த்தி அறையுங்கள். பதினான்கு சலாகைகளும் பதின்மூன்று இடைவெளிகளுமாக நாற்பத்தேழு அங்குலம் வரும். மிஞ்சும் ஓர் அங்குலத்தை இரு ஓரங்களிலும் பகிர்ந்துவிடலாம். ஒவ்வோர் இடைவெளியையும் அளவுகோலால் அளக்க வேண்டியதில்லை. இரண்டு அங்குலக் கட்டைத் துண்டு ஒன்றைச் சலாகைகளுக்கு நடுவே செருகிச் செருகி அறைந்தால் பிழை வராது. முதுகுப் பலகை கீழே முகப்பிலிருந்து மூன்று அங்குலம் தள்ளியும் மேலே பதினாறு அங்குலம் தள்ளியும் நிற்கட்டும். கீழே உள்ள மூன்று அங்குலத் திறப்பைச் சிறுகண் கம்பி வலையால் மூடினால் புல் தங்கும், இலைப்பொடி மட்டும் தட்டில் விழும்.

அந்த இரண்டு அங்குலத்தை மாற்றாதீர்கள். ஆட்டின் உதடும் மூக்கின் நுனியும் புல்லைக் கவ்வ அது போதும், தலை போகாது. ஆறு அங்குலச் சதுரக் கண்ணுள்ள கொங்கிரீட் கம்பி வலையைப் பலர் கையில் கிடைத்தது என்று முகப்புக்குப் போட்டுவிடுகிறார்கள். கொம்பு முளைத்து வரும் குட்டிக்கு அது கண்ணி. தலை உள்ளே நேராகப் போகும். பின்னுக்கு இழுக்கும்போது கொம்பு கம்பியில் கொளுவும். மற்ற ஆடு பின்னால் வந்து முட்டினால் கழுத்து முறியவும் கூடும். நடுவாந்திரமான இடைவெளிதான் ஆபத்து. ஒன்றில் வாய் மட்டும் போகும் அளவாக இருக்க வேண்டும், அல்லது கொம்போடு முழுத் தலையும் தடையின்றிப் போய்வரும் அளவாக இருக்க வேண்டும்.

இதை எழுதும்போது என் சொந்தப் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தட்டி செய்யச் சோம்பி, வெங்காயம் வந்த சிவப்பு வலைப் பை ஒன்றில் காய்ந்த புல்லை அடைத்து வளையில் தொங்கவிட்டேன். இரண்டு நாட்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. மூன்றாம் நாள் விடியற்புறம் கொட்டிலுக்குப் போனபோது ஒரு குட்டி மூன்று கால்களில் நின்றுகொண்டிருந்தது. பை காலியாகிக் கீழே சரிந்திருந்தது. அதன் இழை குட்டியின் முன்னங்குளம்புப் பிளவுக்குள் இறங்கி, அது துள்ளத் துள்ள முறுகி, கணுவுக்கு மேலே தோலை அறுத்திருந்தது. கத்தரிக்கோலின் நுனியைக்கூட இழைக்கும் தோலுக்கும் இடையே செருக முடியவில்லை. சவர அலகால் மெல்ல அறுத்து எடுத்தேன். கால் ஆறிவிட்டது, ஆனால் பையில் ஒரு கையளவு பகுதியைக் காணவில்லை. அது எந்த ஆட்டின் வயிற்றில் போனது என்று பல நாட்கள் புழுக்கையைக் கிளறிப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. வலைப் பையில் ஆட்டுக்குத் தீன் வைக்க வேண்டாம்.

கீழ்த்தட்டுக்கு வருவோம். முகப்புக்கு முன்னால் பத்து முதல் பன்னிரண்டு அங்குலம் நீண்டிருக்க வேண்டும். ஐந்து அங்குல உயர விளிம்பு வேண்டும். அடியில் தண்ணீர் வடியச் சில சிறு துளைகள் வேண்டும். தட்டை ஆணியால் அறைந்து நிரந்தரமாக்காமல், கழற்றி வெயிலில் கவிழ்த்து வைக்கக்கூடியதாக இரு தாங்கிகளின் மேல் வையுங்கள். ஜமுனாபாரிக் கலப்பு மறிகளுக்குத் தட்டின் அடி நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கலாம், உயரம் குறைந்த நாட்டாடுகளுக்கு ஓர் அடி போதும். ஆடு பின்புறமாக வந்து தட்டுக்குள் புழுக்கை போடாமல் இருக்க ஒரு எளிய வழி உண்டு: தட்டுக்கு முன்னால் நிலத்தில் சீமெந்துக் கற்களை ஒரு வரிசையாகப் படுக்க வைத்துவிடுங்கள். ஆடு முன்னங்கால்களைக் கல்லில் ஊன்றித் தின்ன விரும்பும். வேலியில் ஊன்றுவது போலத்தான். கல்லின் மேல் பின்னங்கால்களை வைத்துப் பின்னுக்கு வர அது விரும்பாது.

மேற்பக்கத்துக்கு மூடி வேண்டும். சாய்வான மூடியாக இருக்கட்டும், தட்டையாக இருந்தால் குட்டிகள் அதன் மேல் படுக்கும். பழைய ரயர்த் துண்டை வெட்டிப் பிணைச்சலாக அறையலாம், இரும்புப் பிணைச்சலைப் போலத் துருப்பிடிக்காது. ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் மட்டும் அறையுங்கள்.

மரத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஆடு தட்டியையும் தின்னும். எனக்குப் பிடித்தது முதிர்ந்த பனையின் வைரச் சலாகை. கறையான் எளிதில் அணுகாது, ஆட்டின் பல்லும் அதில் தோற்கும். ஆனால் அதன் சிராய் ஊசி போன்றது, ஆட்டின் உதட்டில் ஏறினால் சீழ் பிடிக்கும். ஆகவே சீவுளியால் நான்கு முனைகளையும் மழுக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் அல்ல, வெறும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். துளைக்காமல் ஆணி அறைந்தால் பிளக்கும். பனை கிடைக்காவிட்டால் மரக்காலையில் கழிவாகக் கிடக்கும் துண்டுகள் போதும். கிளிசீரியாத் (சீமைக்கிளுவை) தடிகளையும் பயன்படுத்தலாம். பட்டையை உரித்துத் தின்னும், அதனால் தீங்கில்லை, இரண்டொரு வருடத்தில் மாற்ற வேண்டி வரும், அவ்வளவுதான்.

இறக்குமதிப் பொருட்களோடு வரும் பலகைத் தட்டுகளை உடைத்து எடுப்பதானால் அவற்றில் சுட்டுப் பதித்த முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' (HT) என்ற எழுத்துகள் இருந்தால் அது வெப்பத்தால் பூச்சி நீக்கிய மரம், பயன்படுத்தலாம். 'எம்.பி.' (MB) என்று இருந்தால் மீதைல் புரோமைட் என்ற நச்சு வாயு ஏற்றியது, விட்டுவிடுங்கள். பழைய வர்ணம் பூசிய கதவு, யன்னல் பலகைகளும் வேண்டாம். அக்காலத்து வர்ணங்களில் ஈயம் இருந்திருக்கலாம், ஆடு நக்கும். கறையானுக்காக வண்டியின் கழிவு எண்ணெயைப் பூசுவது நம் ஊர் வழக்கம். வேலிக் கதியாலுக்கு அது சரி, ஆடு வாய் வைக்கும் மரத்துக்கு ஆகாது. தட்டியின் கால்களை மண்ணில் புதைக்காமல் சீமெந்துக் கல்லின் மேல் நிறுத்தினாலே கறையான் தொல்லை பெரும்பாலும் குறையும்.

உங்களிடம் உள்ள நீலப் பரலும் வீணாக வேண்டியதில்லை. உணவெண்ணெய் அல்லது சீனிப்பாகு போன்றது வந்த பரல் என்றால் நெடுக்காக அறுத்த பாதியை, பாதி வட்டத்தில் அகலம் கூடுதலாக இருப்பதால் விளிம்புகளைச் சற்றுக் குறைத்து, கீழ்த்தட்டாகவே பொருத்திவிடலாம். மூலைகள் இல்லாததால் கூட்டித் துடைக்க அதுவே வசதி. அறுத்த விளிம்பு கூரானது. தண்ணீர்க் குழாய் ஒன்றை நெடுக்காகக் கீறி அதன் மேல் கவிழ்த்து மாட்டுங்கள். பரலில் என்ன வந்தது என்று தெரியாவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் ஆட்டுக்கு வைக்க வேண்டாம். வெங்காயமும் புகையிலையும் விளையும் நம் தோட்டங்களில் கைமாறித் திரியும் பரல்களில் பூச்சிகொல்லியும் களைகொல்லியும் வந்தவை உண்டு.

எங்கே வைப்பது? நீங்கள் காய்ந்த தீன் கொடுப்பது பெரும்பாலும் சோளகக் காற்றுக் காலத்தில். அது தென்மேற்கிலிருந்து வீசும். ஆகையால் தட்டியின் முதுகு தென்மேற்குப் பக்கம் இருந்தால் இலைப்பொடி பறக்காது, செம்மண் புழுதியும் தீனில் படியாது. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு வரும் தூவானம் எதிர்ப்புறத்திலிருந்து அடிக்கும். அந்த மாதங்களுக்கு வடகிழக்குப் பக்கத்தில் ஒரு கிடுகுத் தட்டியைச் சரித்துக் கட்டுங்கள். அதுவும் ஆட்டின் வாய்க்கு எட்டாமல். நனைந்த காய்ந்த புல் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண வாடை வந்த தீனை, சினை மறிக்குச் சிறப்பாக, கொடுக்கக் கூடாது. தண்ணீர் வாளியையும் தட்டியிலிருந்து சில அடி தள்ளி வையுங்கள்.

வாங்கும் புல் உண்மையில் காய்ந்ததா என்று அறிய ஒரு பழைய முறை உண்டு. ஆனையிறவு உப்பில் இரண்டு கரண்டியைச் சட்டியில் வறுத்து ஈரம் போக்கி, ஆறவிட்டு, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இடுங்கள். கட்டின் நடுவிலிருந்து எடுத்த புல்லைச் சிறு துண்டுகளாக நறுக்கி அதே போத்தலில் பாதியளவு போட்டு, மூடி, சில நிமிடங்கள் குலுக்குங்கள். உப்பு மணல் போல உதிரியாகவே இருந்தால் அடுக்கி வைக்கலாம். கட்டியாகி ஒட்டினால் புல்லில் ஈரம் இன்னும் பதினைந்து வீதத்துக்கு மேல் இருக்கிறது என்று கொள்ளலாம். வெயிலில் பிரித்துப் போடுங்கள்.

தட்டியை நிரப்பி விட வேண்டாம். முப்பது கிலோ நிறையுள்ள ஆடு நாளொன்றுக்கு உலர்நிலையில் ஏறத்தாழ ஒரு கிலோ தின்னும். பாதியைக் குழையாகக் கொடுத்தால், உங்கள் ஆறு ஆடுகளுக்கும் தட்டி வழியாகப் போக வேண்டியது மூன்று கிலோ அளவில்தான். அதைக் காலையும் மாலையும் பிரித்துப் போடுங்கள். நாள் முழுவதும் மூச்சும் எச்சிலும் பட்ட புல்லை ஆடு ஒதுக்கும். குழையாக இப்பில் இப்பில் (சவுண்டல்) கொடுப்பவர்கள் மொத்தத் தீனில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகாதிருப்பது நல்லது. மிகுந்தால் மயிர் கொட்டும். கிளிசீரியாவைச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுத்தால் வாடை குறைந்து விருப்பமாகத் தின்னும். வைக்கோலைத் தட்டியில் அடைத்துவிட்டு ஆடு தின்னவில்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை. அது மாட்டின் உணவு, ஆடு வேறு வழியில்லாதபோதுதான் தொடும்.

குட்டிகளுக்கு, மாசி வருமுன், இதே அமைப்பில் இரண்டடி நீளத்தில் ஒன்றைத் தனியாகச் செய்துவிடுங்கள். கீழ்த்தட்டின் அடி எட்டு அங்குல உயரத்தில் இருக்கட்டும். பெரியவை நுழையாத ஒரு மூலையில் வைத்தால் இரண்டு, மூன்று கிழமைக் குட்டியே இலை கொறிக்கப் பழகும். தட்டி உள்ள கொட்டிலில் ஆடுகளைக் கயிற்றில் கட்டி வைக்காதீர்கள், கழுத்துக் கயிறும் தொங்கவிடாதீர்கள். சலாகையில் சுற்றினால் இரவில் பார்க்க ஆளிருக்காது.

செய்து முடித்த பின் பயன் இருக்கிறதா என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிழமைக்கு, போடும் தீனை விற்றராசில் (சுருள்வில் தராசில்) நிறுத்துப் போட்டு, மறுநாள் காலையில் மிஞ்சியதை இரண்டாகப் பிரித்து நிறுக்க வேண்டும்: சலாகைகளுக்குப் பின்னும் கீழ்த்தட்டிலும் கிடப்பது ஒன்று, நிலத்தில் கிடப்பது மற்றொன்று. முதலாவதில் தடித்த தண்டே இருந்தால் அது ஆட்டின் தெரிவு, தட்டியில் குறையில்லை. அதை மாட்டுக்கோ எருக்குழிக்கோ கொடுத்துவிடலாம், திரும்பவும் ஆட்டுக்கு வைக்க வேண்டாம். நிலத்தில் இலை கிடந்தால் கீழ்த்தட்டு போதிய அளவு முன்னால் நீளவில்லை, அல்லது இடைவெளி பெரிதாகி ஆடு வாய் நிறைய இழுத்துக்கொண்டு திரும்பி நடக்கிறது.

இடைவெளி பெரிதாவது எதிர்பார்க்க வேண்டியதே. கிடாய் கொம்பைச் சலாகையில் உரசிக்கொண்டே இருக்கும், ஆணி மெல்ல இளகும். அறையும்போது செருகிய அந்த இரண்டு அங்குலக் கட்டைத் துண்டை எறிந்துவிடாமல் கொட்டில் வளையில் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மாதம் ஒரு தரம் அதை ஒவ்வோர் இடைவெளியிலும் செருகிப் பார்த்து, அது தளர்வாக ஆடும் இடத்தில் சலாகையைக் கழற்றி, பழைய துளைக்கு அருகே புதிதாகத் துளைத்துத் திருகாணியால் முறுக்குங்கள்.